ஒயின் லேபிளில் ஊர்ப்பெயர்: டிரேட்மார்க்கும் புவிசார் குறியீடும் மோதும் இடங்கள்

டோரஸ் என்ற பெயரிலிருந்து தொடங்கலாம். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் பெனடெஸ் பகுதியில் 1870 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் குடும்பத்தின் பெயர் அது. ஸ்பானிய மொழியில் டோரஸ் என்றால் கோபுரங்கள். அவர்களுடைய சின்னத்திலும் மூன்று கோபுரங்கள். போர்ச்சுகீசிய மொழியிலும் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான். லிஸ்பனுக்கு வடக்கே டோரஸ் வெட்ராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, 'பழைய கோபுரங்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் காலங்காலமாகத் திராட்சைத் தோட்டங்கள் உண்டு.

1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நாளில் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தன. சேர்ந்த பிறகுதான் சிக்கல் வந்தது. ஒயின் லேபிள் பற்றிய 1989ஆம் ஆண்டின் 2392/89 எண் விதிமுறை, அங்கீகரிக்கப்பட்ட ஒயின் பகுதியின் பெயரோடு குழம்பக்கூடிய எந்தச் சொல்லும் பிராண்டில் இருக்கக்கூடாது என்றது. போர்ச்சுகல் டோரஸ் வெட்ராஸை ஒயின் பகுதியாக அங்கீகரித்திருந்தது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், நூறு வருடத்துக்கு மேல் புழங்கிய குடும்பப் பெயரை அவகாசம் முடிந்ததும் லேபிளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எடுக்கவில்லை. 1991இல் 3897/91 என்ற திருத்தம் வந்தது. ஊர்ப்பெயரை அந்த நாடு அங்கீகரிப்பதற்குக் குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முன்பே பதிவான, நன்கு அறியப்பட்ட, இடைவிடாமல் புழக்கத்தில் இருக்கும் பிராண்ட் தொடரலாம். அந்தப் பெயர் முதல் உரிமையாளரின் அடையாளத்தோடு பொருந்தவும் வேண்டும். ஒரே ஒரு கம்பெனிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது அந்த வாசகம். ஆனால் இந்தத் துறையின் எல்லாச் சண்டையும் அந்த வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது: யார் முதலில் வந்தார், அந்த 'முதலில்' என்பதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது. ஊர்ப்பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டே பழகிய நமக்கு, பெயரும் ஊரும் இப்படி முட்டிக்கொள்வது ஒன்றும் புதிரில்லை.

இரண்டு உரிமைகளும் அடிப்படையிலேயே வேறு. டிரேட்மார்க் தனியாருக்குச் சொந்தம். விற்கலாம், வாடகைக்கு விடலாம், வங்கியில் அடகு வைக்கலாம். புவிசார் குறியீடு மண்ணோடு ஒட்டியது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதை விற்கவோ உரிமம் தரவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று சொல்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் மதுரை மல்லிக்கும் சான்றிதழ் தந்த அதே சென்னை கிண்டி அலுவலகத்தின் பதிவேட்டில்தான் பிரான்சின் ஷாம்பெயின் பகுதி ஒயினும் ஸ்காட்ச் விஸ்கியும் கலிஃபோர்னியாவின் நாபா வேலியும் இருக்கின்றன. நம் நாசிக் வேலி ஒயினும் அங்கேதான்.

ஒரே பதிவேடு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்பு என்று நினைத்தால் தப்பு. 1995 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் ட்ரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தம் பந்தியில் இரண்டு வரிசை போட்டது. 22ஆம் விதி எல்லாச் சரக்குக்கும்: வாங்குபவர் ஏமாறுவார் என்று காட்டினால்தான் தடுக்க முடியும். 23ஆம் விதி ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும்: யாரும் ஏமாறத் தேவையில்லை. 'நாசிக்கில் தயாரித்த, ஷாம்பெயின் ஸ்டைல் ஒயின்' என்று லேபிளில் உண்மையை முழுசாக எழுதினாலும் தப்பு தப்புதான். 'வகை', 'பாணி', 'மாதிரி' என்று ஒட்டுச்சொல் போட்டாலும் தப்பிக்க முடியாது. மொழிபெயர்த்து எழுதினாலும் அதே கதை. அதே விதியின் இரண்டாவது பத்திதான் டிரேட்மார்க்கோடு நேராக மோதுகிறது: வேறு ஊர் ஒயினுக்கு இந்த ஊரின் பெயர் கொண்ட பிராண்டைப் பதிவு செய்யக்கூடாது, செய்திருந்தால் ரத்து செய்யலாம்.

நம் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அது 'ஒயின்' என்று பெயர் சொல்வதில்லை. 22ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் சரக்குகளுக்குத்தான் அந்தக் கூடுதல் கவசம். 25ஆம் பிரிவும் இப்படியே இரண்டாகப் பிரிகிறது. சாதாரணச் சரக்கு என்றால் குழப்பம் வரும் என்று காட்டியாக வேண்டும். அறிவிக்கை வந்த சரக்கு என்றால் பெயர் இருப்பதே போதும், டிரேட்மார்க் பதிவாளர் தாமாகவே மறுக்கலாம். ஆகவே வழக்குக்கு முன் அரசிதழைப் புரட்டாமல் '23ஆம் விதி இருக்கிறதே' என்று நீதிமன்றத்தில் நின்றால் எதிர்த்தரப்பு முதல் நாளே அங்கேதான் கை வைக்கும்.

இனி தேதிக்கு வருவோம். 26ஆம் பிரிவு பழைய பிராண்டுகளைக் காப்பாற்றுகிறது. நல்லெண்ணத்தில் விண்ணப்பித்தோ பதிவு செய்தோ பயன்பாட்டால் உரிமை பெற்றோ இருந்தால் போதும். அது நடந்தது சட்டம் அமலுக்கு வந்த 2003 செப்டம்பர் 15க்கு முன்னால் இருக்க வேண்டும், அல்லது அந்தப் புவிசார் குறியீட்டுக்கு இங்கே விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்னால். இரண்டில் ஒன்று பொருந்தினால் பிராண்டுக்கு ஆபத்தில்லை. கவனியுங்கள், குறியீட்டுக்குச் சான்றிதழ் கிடைத்த நாள் இங்கே பேச்சிலேயே இல்லை. விண்ணப்ப நாள்தான் கணக்கு. இதைக் குழப்பிக்கொண்டு, சான்றிதழ் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் பிராண்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டோரஸ் மாதிரி சொந்தப் பெயரில் தொழில் செய்பவருக்கு அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தனியாக ஒரு கதவைத் திறக்கிறது. வாங்குபவரைக் குழப்பாதவரை தன் பெயரையோ, தனக்கு முன் அந்தத் தொழிலை நடத்தியவரின் பெயரையோ வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் சாய்மானம் வெளிப்படையாகவே ஊரின் பக்கம். குறியீடு முந்தியது என்றால் பின்னால் வரும் பிராண்டுக்கு வழியில்லை. பிராண்ட் முந்தியது என்றாலும் குறியீடு வந்தே தீரும். இரண்டும் சேர்ந்து வாழ வேண்டியதுதான். பிராண்டின் புகழ் காரணமாக, குறியீட்டைப் பதிவு செய்தால் வாங்குபவரே ஏமாந்துபோவார் என்ற நிலை இருந்தால் மட்டும் குறியீட்டை மறுக்கலாம். 1308/2013 விதிமுறையின் 101, 102ஆம் விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 மே முதல் 2024/1143 விதிமுறைக்கு இடம் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இதை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோயின. முந்தி வந்தவனுக்குத்தான் தனியுரிமை, பிந்தி வந்த ஊர் ஏன் பங்கு கேட்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கு உணவு, விவசாயப் பொருள் விதிமுறை பற்றியதுதான், ஒயின் அல்ல. ஆனாலும் 2005இல் வந்த தீர்ப்பு இங்கேயும் பேசும்: டிரேட்மார்க் உரிமைக்கு ட்ரிப்ஸின் 17ஆம் விதி அனுமதிக்கும் வரையறுக்கப்பட்ட விதிவிலக்குக்குள் இந்தச் சேர்ந்து வாழ்தல் அடங்கும். 'முந்தியவன் வாழ்க' என்ற வாதத்தில் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஆனால் அதை வாதாடிய அமெரிக்கா தன் வீட்டில் செய்ததைப் பார்த்தால் அனுதாபம் குறைகிறது.

அங்கே ஒயின் பகுதிக்கு ஏ.வி.ஏ என்று பெயர். லேபிளில் ஏ.வி.ஏ பெயர் போட வேண்டுமானால் ஒயினில் குறைந்தது 85 சதவீதம் அந்தப் பகுதித் திராட்சையிலிருந்து வந்திருக்க வேண்டும். கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர் என்றால் 75 போதும். பத்தாயிரம் லிட்டர் தொட்டி என்றால் முதலாவதற்கு 8,500 லிட்டர், இரண்டாவதற்கு 7,500. பிராண்ட் பெயரிலேயே அந்த ஊர் ஒளிந்திருந்தாலும் இதே கணக்குதான். ஆனால் 1986 ஜூலை 7க்கு முன் லேபிள் அனுமதி வாங்கிய பிராண்டுக்குச் சலுகை உண்டு. திராட்சை உண்மையில் எந்தக் கவுன்டியிலிருந்து, எந்த ஏ.வி.ஏவிலிருந்து வந்தது என்று லேபிளில் போட்டுவிட்டால், பிராண்டில் வேறு ஊர் இருந்தாலும் பரவாயில்லை.

இந்தச் சந்தில்தான் பிராங்கோ என்ற பெரிய நிறுவனம் வண்டியை ஓட்டியது. நாபா ரிட்ஜ், நாபா கிரீக், ரூதர்ஃபோர்ட் வின்ட்னர்ஸ் என்ற பழைய பிராண்டுகளை வாங்கியது. பெயரோடு 1986க்கு முந்தைய சலுகையும் சேர்ந்து வந்தது. பெரிய எழுத்தில் நாபா ரிட்ஜ், சின்ன எழுத்தில் லோடி. லோடி நாபாவிலிருந்து தள்ளி, கலிஃபோர்னியாவின் உள்சமவெளியில் இருக்கிறது; அங்கே திராட்சை மலிவு. மத்திய சட்டப்படி எல்லாம் சரி.

2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலம் தனியாகச் சட்டம் போட்டது. வணிக, தொழில் தொகுப்பின் 25241ஆம் பிரிவு. லேபிளில் எங்கே நாபா என்று வந்தாலும், பிராண்டாகவே வந்தாலும், 75 சதவீதம் நாபா கவுன்டித் திராட்சை இருந்தாக வேண்டும்; பழைய சலுகை செல்லாது. மத்திய அரசு தந்த அனுமதியை மாநிலம் எப்படிப் பறிக்கும் என்று பிராங்கோ வழக்குப் போட்டது. ஒயின் லேபிள் காலங்காலமாக மாநிலங்களும் ஒழுங்குபடுத்தி வந்த விஷயம்தான் என்று 2004 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. காசு கொடுத்து வாங்கிய பிராண்ட் கையில் இருந்தது. அதை எந்தத் திராட்சைக்குப் பயன்படுத்துவதற்காக வாங்கினார்களோ, அதற்குப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. டிரேட்மார்க் சான்றிதழ் என்பது மற்றவரைத் தடுக்கும் உரிமை. லேபிளில் போட்டு விற்பதற்கான அனுமதி அது இல்லை. அதை லேபிள் சட்டம் தனியாகத் தர வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்து பிராண்ட் வாங்குபவர்கள் ஒயின் துறையில் இன்றும் இருக்கிறார்கள்.

கலிஸ்டோகா கதை இன்னும் கறார். நாபா பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் இருக்கும் ஊர் அது. ஷாட்டோ மான்டெலினா விண்ணப்பித்து, 2010 ஜனவரியில் ஏ.வி.ஏ ஆனது. ஊர்ப்பெயரில் ஏற்கெனவே பிராண்ட் நடத்திவந்த கலிஸ்டோகா செல்லர்ஸ் 1986க்குப் பிறகு தொடங்கியது என்பதால் சலுகைக்குள் வரவில்லை. அதற்குத் தனிச் சலுகை தரலாம் என்று ஏ.வி.ஏக்களை அங்கீகரிக்கும் மத்திய அரசு அலுவலகம் ஒரு கட்டத்தில் முன்மொழிவே வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. மூன்று ஆண்டு அவகாசம். அதற்குள் 85 சதவீதத்தை எட்ட வேண்டும், இல்லையென்றால் பெயரை மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் என்றால் நல்லெண்ணத்தில் முந்தி வந்த அந்த பிராண்ட் குறியீட்டோடு சேர்ந்து வாழ்ந்திருக்கும்.

பெயர் அப்படியே இருந்தால்தான் வம்பு என்றும் இல்லை. ஐரோப்பியச் சட்டத்தில் 'நினைவூட்டல்' என்று ஒன்று உண்டு. பிராண்டைப் பார்த்ததும் சராசரி வாங்குபவர் மனதில் அந்தக் குறியீட்டுப் பொருள் நேராகத் தோன்றுமானால் போதும். ஸ்பெயினில் சாம்பனில்லோ என்ற பெயரில் தபாஸ் கடைகள் இருந்தன. 'குட்டி ஷாம்பெயின்' என்று அர்த்தம், பலகையில் இரண்டு கோப்பை வேறு. கடை ஒயின் தயாரிக்கவில்லையே, தீனிதானே விற்கிறது? 2021 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: பாதுகாப்பு சேவைகளுக்கும் எதிராகச் செல்லும், பொருள் ஒத்திருக்கத் தேவையே இல்லை. ஃபின்லாந்தில் காக்னாக் என்ற பிரெஞ்சு பிராந்தியின் பெயரை அந்த நாட்டு மொழியின் வேற்றுமை உருபோடு 'கோன்யாக்கியா' என்று எழுதிய லேபிள் 2011இல் இதே தர்க்கத்தில் மாட்டியது. தமிழில் 'ஷாம்பெயின்' என்று எழுத்துப்பெயர்த்தால் வேறு சொல் ஆகிவிடும் என்று நம்புபவர்களுக்கு இது பாடம்.

மறுபக்கம் போர்ட் ஷார்லட் வழக்கு. அது ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஒரு கிராமம், அந்தப் பெயரில் விஸ்கி. போர்ட் ஒயினின் காவலர்களான போர்ச்சுகல் நிறுவனம் ஆட்சேபித்தது. 2017இல் நீதிமன்றம் ஏற்கவில்லை: 'போர்ட்' என்பது இங்கே துறைமுகம் என்ற பொருளில், இன்னொரு இடப்பெயரின் உள்ளே இருக்கிறது, ஒயின் நினைவுக்கு வராது. அதே தீர்ப்பில் இன்னொரு முக்கியமான விஷயம்: ஐரோப்பிய ஒன்றிய அளவில் பாதுகாப்பு இருக்கும் ஒயின் பெயருக்கு, அதற்கு மேல் தன் நாட்டுச் சட்டம் தரும் கூடுதல் கவசத்தைக் காட்டி வாதாட முடியாது.

உண்மையிலேயே அந்த ஊர் ஒயின்தான் விற்கிறீர்கள் என்றால் குறியீட்டைப் பிராண்டுக்குள் வைக்க முடியுமா? ஐரோப்பிய அலுவலகத்தில் வழக்கமான வழி, சரக்குப் பட்டியலைச் சுருக்குவது. மதுபானங்களுக்கான 33ஆம் வகுப்பில் 'ஒயின்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், 'இன்ன தோற்றப்பெயரின் தயாரிப்பு விவரக்குறிப்புக்கு இணங்கும் ஒயின்கள்' என்று எழுத வேண்டும் (தோற்றப்பெயர் என்பது புவிசார் குறியீட்டின் ஒரு வகை). பல வருடம் இது ஒரு சடங்கு மாதிரி நடந்தது. நீரோ ஷாம்பெயின் என்ற பிராண்டில் 2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் பிரேக் போட்டது. பட்டியலைச் சுருக்கியதாலேயே தானாகப் பாஸ் ஆகிவிடாது. இத்தாலிய மொழியில் நீரோ என்றால் கறுப்பு. ஷாம்பெயினிலோ வெள்ளையும் ரோஸும்தான். கூட ஒட்டும் சொல்லே வாங்குபவரைத் தவறான பக்கம் தள்ளுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ஊரே உண்மையாக இருந்தும் தோற்றவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வோ மாகாணத்தில் ஷாம்பெயின் என்றே பெயருள்ள கிராமம் இருக்கிறது, அங்கே நுரையில்லாத வெள்ளை ஒயின் செய்தார்கள். ஐரோப்பாவுடன் சுவிஸ் போட்ட இருதரப்பு ஒப்பந்தத்தால் 2004இலிருந்து சொந்த ஊர்ப்பெயரை லேபிளில் போட முடியவில்லை. இந்தப் பெயர்களின் தலைவிதி நீதிமன்றத்தை விடப் பேரம் பேசும் மேசையில்தான் அதிகம் தீர்மானமாகிறது. 1935இல் தென்னாப்பிரிக்காவின் சிங்கி இறாலுக்குப் பிரான்ஸ் சந்தையைத் திறந்தது. பதிலுக்குத் தென்னாப்பிரிக்கர்கள் ஷாம்பெயின் முதலான பெயர்களை விட்டுக்கொடுத்தார்கள்.

திராட்சை ரகத்தின் பெயரும் மூன்றாவது ஆளாக உள்ளே வரும். இத்தாலியின் நுரை ஒயினான புரோசெக்கோவின் பெயர் 2009 வரை ரகத்தின் பெயர். அந்த ஆண்டு இத்தாலி ரகத்துக்கு கிளேரா என்று பெயர் மாற்றி, திரியெஸ்தே அருகே உள்ள புரோசெக்கோ கிராமத்தையும் உள்ளடக்கி எல்லை வரைந்து, பெயரை இடத்துக்குக் கொடுத்தது. ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் இன்றும் அது ரகம்தான் என்கிறார்கள். சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2023இல் குறியீட்டைப் பதிவு செய்ய வழிவிட்டது.

புது ஒயினுக்குப் பெயர் தேடுபவர்கள் டிரேட்மார்க் தேடலோடு நிறுத்திக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. புவிசார் குறியீடு டிரேட்மார்க் பதிவேட்டில் வராது. கிண்டிப் பதிவேட்டையும் குறியீட்டு இதழையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஏற்றுமதி என்றால் ஐரோப்பாவின் இ-அம்ப்ரோசியா தரவுத்தளம், அமெரிக்காவின் ஏ.வி.ஏ பட்டியல். நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களையும் சேர்த்துப் பாருங்கள், கலிஸ்டோகா செல்லர்ஸ் நினைவிருக்கட்டும். தேடும்போது உச்சரிப்பு, மொழிபெயர்ப்பு, பாதிச் சொல் எல்லாம் அடங்க வேண்டும்.

பழைய பிராண்ட் கையில் இருப்பவர்களுக்கு வேறு ஆபத்து. சேர்ந்து வாழும் உரிமை முழுக்க அந்தப் பழைய தேதியில்தான் தொங்குகிறது. புதுப்பிக்க மறந்து பதிவு போய், மறுபடி விண்ணப்பித்தால் தேதி புதிது. இப்போது குறியீடுதான் மூத்தது. ஐந்து வருடம் பயன்படுத்தாமல் விட்டு ரத்தானாலும் அதே நிலைதான். ஆகவே ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு விற்பனைப் பில், ஒரு அசல் லேபிள், லேபிள் அனுமதிக் கடிதம் என்று தனிக் கோப்பு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 'கலிஃபோர்னியா ஷாம்பெயின்' இன்னும் கடையில் கிடைக்கிறதென்றால், 2006 மார்ச் 10க்கு முன் அந்த பிராண்டுக்கு அந்தப் பெயரோடு லேபிள் அனுமதி கிடைத்திருந்ததுதான் காரணம். பிராண்டை மாற்றினால் சலுகையும் போகும்.

குறியீட்டின் பக்கம் இருப்பவர்களுக்குச் சோம்பல்தான் எதிரி. பீட்டர் ஸ்காட் என்ற இந்திய விஸ்கி பிராண்ட் 1974இல் பதிவானது. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் விஷயம் தெரிந்தும் 1986இல்தான் பதிவை நீக்கச் சொல்லி மனுப் போட்டது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்க முடியாது என்றது. அது பழைய டிரேட்மார்க் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இன்றைய குறியீட்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவு ஐந்து ஆண்டு என்று கெடுவே வைத்திருக்கிறது: மீறல் தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பிராண்ட் அதற்கு முன்பே இதழில் வெளியாகிப் பதிவாகியிருந்தால், பதிவான நாளிலிருந்தே எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிடும். டிரேட்மார்க் இதழ் வாராவாரம் வருகிறது. 33ஆம் வகுப்புப் பக்கங்களை ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்தால், வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபணை போட்டு வேலையை முடித்துவிடலாம்.